பழுது பார்ப்பவரின் பொறுமை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் 12ஆம் பாடலைப் பள்ளியில் பயின்றவர் எவரும் 'துப்பாக்கி' என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார். வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் அச்சொல், உணவை ஆக்குவது என்னும் பொருளில் மழையைச் சுட்டி நிற்கிறது. பிற்காலத்தில் துருக்கி மொழியிலிருந்து வந்து தமிழில் குடியேறிய துப்பாக்கி வேறு. ஒலி ஒன்று, பிறப்பு இரண்டு. ஒன்று உயிரை வளர்ப்பது. மற்றொன்று உயிரைப் பறிப்பது. எனினும், இவ்வுரையில் எடுத்துக்கொள்ளப்படும் ஒரு குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிக்கு இவ்விரு பொருளும் பொருந்தும் என்பது வியப்பிற்குரியது. அமெரிக்க நாட்டின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாத்தையும் காடையையும் முயலையும் வீழ்த்தி உணவை ஆக்கித் தந்த அதே கருவி, இன்று படுக்கையறைக் கதவின் பின்னே திருடனுக்காகக் காத்து நிற்கிறது. 'பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்' என்று அந்நாட்டார் அழைக்கும் ரவைத் துப்பாக்கியே அது.

இலக்கிய மேடையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று அவையோர் வினவலாம். பழம்பொருள் ஒன்றைப் புதுப்பிக்க முனைபவர் எவராயினும் அவர்முன் எழும் வினா ஒன்றே: எதைத் தொடுவது, எதைத் தொடாமல் விடுவது? ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவருக்கு எழும் அவ்வினா, துருவேறிய இரும்பைக் கையில் எடுப்பவருக்கும் எழுகிறது. அங்கே பிழை நேர்ந்தால் பாடம் கெடும்; இங்கே பிழை நேர்ந்தால் உயிர் போகும். வேறுபாடு அவ்வளவே.

முதலில் அக்கருவியின் வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் நலம். குழலின் கீழே மற்றொரு சிறு குழல். அதனுள் வரிசையாகத் தோட்டாக்கள். அக்கீழ்க்குழலின்மேல் நழுவி ஓடும் ஒரு மரப்பிடி. அப்பிடியைப் பின்னே இழுத்தால் வெடித்த தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும்; சுத்தியல் பின்வாங்கி நிற்கும். முன்னே தள்ளினால் புதிய தோட்டா மேலேறித் தன் அறையில் அமரும், அறை பூட்டிக்கொள்ளும். கை ஒருமுறை போய் வரும் நேரத்தில் இத்தனையும் நிகழ்ந்துவிடும். 1880களில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் என்பார் இம்முறையில் ஒரு துப்பாக்கியை விற்பனைக்குக் கொணர்ந்தார். ஆயினும் இதனை வீடுதோறும் சேர்த்த பெருமை யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங்குக்கே உரியது. வின்செஸ்டர் நிறுவனத்திற்காக அவர் வடித்த 1893ஆம் ஆண்டு மாதிரி கரிமருந்துக் காலத்தின் பிள்ளை. புகையற்ற மருந்தின் வலுவை அது தாங்கவில்லை. அதனைத் திருத்தி எழுந்ததே 1897ஆம் ஆண்டு மாதிரி. அறுபது ஆண்டுகளில், 1957 வரையில், அது பத்து லட்சத்திற்கும் மேல் செய்யப்பட்டது.

அதன்பின் 1912இல் சுத்தியல் வெளியே தெரியாத 12ஆம் மாதிரி வந்தது. எஃகுக் கட்டியைக் கடைந்து, ஒவ்வோர் உறுப்பையும் கையால் பொருத்திச் செய்யப்பட்ட அழகிய பொருள் அது. ஆனால் அத்தகைய உழைப்புக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமையால் 1964இல் அதன் வழக்கமான உற்பத்தியை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 1950இல் ரெமிங்டன் நிறுவனம் வெளியிட்ட 870ஆம் மாதிரியோ, எளிதாகவும் மலிவாகவும் செய்யத்தக்கதாய் அமைந்து, 2009இல் ஒரு கோடி என்னும் எண்ணிக்கையைத் தொட்டது. காலத்தின் விந்தை, அவ்வளவு விற்ற நிறுவனமே 2018இலும் 2020இலும் திவாலானது. நியூயார்க் மாநிலத்து இலியன் ஊரில் இரு நூற்றாண்டு மரபு கொண்ட அதன் தொழிற்சாலையும் 2024இல் கதவடைத்தது. செய்தவர் போனார்; செய்பொருள் நிற்கிறது. அமெரிக்காவின் பரண்களிலும் பழைய அலமாரிகளிலும், பாட்டன் விட்டுச்சென்ற சொத்தாக இலட்சக்கணக்கான இத்துப்பாக்கிகள் இன்றும் உள்ளன.

அத்தகைய ஒன்று பேரன் கைக்கு வருகிறது எனக் கொள்வோம். குழலில் துரு, பின்கட்டையில் வெடிப்பு, பல்லாண்டு ஊறிய எண்ணெயால் கறுத்துப்போன மரம். அதனைப் பழுதுபார்க்கும் தச்சரும் கொல்லரும் ஒருங்கே ஆன தொழிலாளி என்ன செய்கிறார்?

முதற்செயல், தோட்டா இல்லை என்று உறுதி செய்தல். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, கீழ்க்குழலையும் பார்த்து, மீண்டும் ஒருமுறை பார்த்தல். "இதில் தோட்டா கிடையாது" என்று கொடுத்தவர் கூறிய சொல் அங்கே செல்லாது. ஜெஃப் கூப்பர் என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளர் வகுத்த நான்கு விதிகளுள் முதல் விதியே, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும் என்பது. நான்காம் விதி, சுடும் இலக்கு எது, அதன் பின்னே இருப்பது யாது என்று தெளியாமல் சுடலாகாது என்பது. இந்நான்காம் விதியை அவையோர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். பின்னர் அது தேவைப்படும்.

இரண்டாம் செயல், அளத்தல். 12 கேஜ் என்றால் ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ அதுவே குழலின் உள்விட்டம் என்பது பொருள், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அது காலந்தோறும் மாறாதது. மாறியது தோட்டா அறையின் நீளம். 1897ஆம் மாதிரியின் தொடக்ககாலத் துப்பாக்கிகளில் அது 2⅝ அங்குலம். இன்றைய தோட்டாவுக்கு வேண்டுவது 2¾ அங்குலம். எட்டில் ஓர் அங்குலமே குறைவு. இன்றைய தோட்டா அவ்வறையில் தடையின்றி நுழையவும் செய்யும். வெடிக்கும்போது மடிந்திருந்த அதன் வாய் விரிய இடமின்றி, அழுத்தம் ஏறும். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது என்னும் உண்மையை அங்கே இரும்பு கற்பிக்கிறது. இன்னும் பழைய, முறுக்கிய இரும்புப் பட்டைகளால் செய்த குழலாயின், அது சுவரில் மாட்டுவதற்கே உரியது, சுடுவதற்கு அன்று.

மூன்றாம் செயல், பூட்டுகளை ஆராய்தல். 1897ஆம் மாதிரியில் தனியே பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. சுத்தியலைப் பாதிவழியில் நிறுத்தும் ஒரு சிறு வெட்டே அதன் காவல். அவ்வெட்டு தேய்ந்திருந்தால், துப்பாக்கி கீழே விழும் ஒரு கணமே போதும். மேலும், அந்நாளைய மாதிரிகள் சிலவற்றில் விசையை அழுத்தியபடியே பிடியை முன்தள்ளினால், அறை மூடியதும் தோட்டா தானே வெடித்துவிடும். பிற்கால மாதிரிகளில் பழகியவர் இதனை அறியாமல் கையில் எடுத்தால் விளைவு சொல்லத் தேவையில்லை. எனவே, வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களைக் கொண்டே எல்லா உறுப்புகளையும் ஓட்டிப் பார்ப்பது அத்தொழிலின் மரபு.

இவையெல்லாம் முடிந்த பிறகே அழகுபடுத்தல். மரத்தில் குழி விழுந்திருந்தால் அறுத்து எறிவதில்லை. ஈரத்துணியை அதன்மேல் இட்டுச் சூடான இரும்பால் ஒற்றினால், நீராவி ஏறி, நசுங்கிய நார்கள் தாமே எழும்பி நிற்கும். பின்னர் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளங்கையால் தேய்த்து ஊட்ட வேண்டும். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறுபூச்சு. நாள்கள் பல ஆகும்.

குழலுக்கு நீலமேற்றும் பழைய முறை, கவிஞர்கள் அறிந்து மகிழத்தக்கது. துருவை நீக்குவதற்குத் துருவையே துணைக்கு அழைக்கும் முறை அது. தூய்மை செய்த எஃகின்மேல் ஒரு கரைசலைத் தடவி, வேண்டுமென்றே மெல்லிய செந்துரு படியவிடுவர். பின் அதனைக் கொதிநீரில் இடுவர். இரும்பை அரிக்கும் செந்துரு, கொதிநீரில் காக்கும் கருந்துருவாக மாறும். மேலே நிற்கும் தூளை மெல்லிய எஃகுப் பஞ்சால் துடைத்துவிட்டு, மீண்டும் கரைசல், மீண்டும் துரு, மீண்டும் கொதிநீர். பலமுறை செய்த பின்னர் ஆழ்ந்த கருநீலம் பிறக்கும். பகையையே காவலாக மாற்றும் இவ்வித்தைக்கு வேண்டும் முதற்பொருள் பொறுமை.

பொறுமை குன்றியவர் என்ன செய்வார்? சுழலும் பட்டையில் குழலைப் பிடித்துப் பளபளவெனத் தீட்டுவார். துரு போகும், அதனோடு செய்தவரின் பெயரும் எண்ணும் மங்கிப் போகும், கூரிய விளிம்புகள் மழுங்கும், திருகாணியின் தலை பொருந்தாத திருப்புளியால் சிதையும். பழம்பொருள் அறிந்தவர்கள் இத்தகைய 'புதுப்பித்தலை'க் கண்டு வருந்துவர். தேய்ந்த பழைய மெருகுக்கே அவர்கள் அதிக விலை தருவர். பாட்டனின் கைபட்டு வெளுத்த இடம், அவர் எங்கே பிடித்தார் என்பதற்குச் சான்று. அச்சான்றை அழித்துவிட்டுப் பளபளப்பை வாங்குவது நல்ல வாணிகம் ஆகாது.

இனி, மாற்றியமைத்தல் பற்றி. பழுது பார்த்தல் என்பது பொருள் முன்பிருந்தவாறு ஆக்குதல். மாற்றியமைத்தல் என்பது உடையவர் வேண்டியவாறு ஆக்குதல். வேட்டைக்காகச் செய்த துப்பாக்கியின் குழல் 28 அல்லது 30 அங்குல நீளம். உயரப் பறக்கும் வாத்தை எட்டுதற்கு ரவைகள் சிதறாமல் செல்லும்படி அதன் வாய் சற்றே குறுக்கப்பட்டிருக்கும். வீட்டின் நடைவழிக்கு அந்நீளம் தடை. ஆதலின் வீட்டுக் காவலுக்கு வேண்டுவோர் குட்டைக் குழலையும், குட்டைப் பின்கட்டையையும், விளக்கு பொருத்தும் பிடியையும் நாடுகின்றனர்.

இம்மாற்றங்களுள் இருவகை உண்டு: மீளத்தக்கன, மீளாதன. 870ஆம் மாதிரியின் குழலை ஒரு மூடியைத் திருகிக் கழற்றிவிடலாம். கடையில் கிடைக்கும் குட்டைக் குழலை மாட்டிக்கொள்ளலாம். வேண்டும்போது பாட்டனின் குழலை மீண்டும் மாட்டலாம். எதுவும் இழக்கப்படவில்லை. ஆனால் 1897ஆம் மாதிரியின் குழலை வாளால் அறுத்தவர் அதனை மீண்டும் ஒட்ட முடியாது. அறுத்தெறிந்த துண்டோடு அதன் வரலாறும் போயிற்று.

அறுப்பதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்கக் கூட்டரசு 1934இல் இயற்றிய தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி, ரவைத் துப்பாக்கியின் குழல் 18 அங்குலத்திற்கோ, முழு நீளம் 26 அங்குலத்திற்கோ குறையுமானால், முன்னதாக ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்தாக வேண்டும். 200 டாலராக இருந்த அதற்கான வரி 2026 ஜனவரி முதல் இல்லாமற் போயிற்று; பதிவு செய்யும் கடமை நீங்கவில்லை. சில அங்குல இரும்பு எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு ஐடஹோ மாநிலத்து ரூபி ரிட்ஜ் சான்று. குழல் குறுக்கப்பட்ட இரு ரவைத் துப்பாக்கிகளை அரசின் ஒற்றர் ஒருவருக்கு 1989இல் விற்றதாக ராண்டி வீவர் என்பார்மேல் வழக்கு. அவற்றுள் ஒன்று ரெமிங்டன் 870. அவர் நீதிமன்றத்துக்கு வரவில்லை. 1992 ஆகஸ்டில் அவரது மலைக்குடிலைச் சூழ்ந்த முற்றுகை பதினொரு நாள் நீடித்தது. அரசுக் காவலர் ஒருவர், வீவரின் பதினான்கு வயது மகன், கைக்குழந்தையோடு நின்ற மனைவி என மூவர் மாண்டனர். 1993இல் நடுவர் குழு துப்பாக்கிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. விடுதலை வந்தது, மாண்டவர் வரவில்லை.

மாற்றியமைப்பவர்கள் முதலில் கழற்றி எறியும் ஒரு சிறு பொருளும் உண்டு. பழைய வேட்டைத் துப்பாக்கியின் கீழ்க்குழலைத் திறந்தால் பெரும்பாலும் ஒரு மரக்கோல் கிடைக்கும். வலசை வரும் பறவைகளை வேட்டையாடுவோர் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இடலாகாது என 1935 முதல் கூட்டரசின் விதி உண்டு. கூடுதல் தோட்டா நுழையாதிருக்க இடப்பட்ட தடையே அக்கோல். வாத்துக்கு மூன்றுமுறைதான் அச்சம்; அதன்பின் பறந்து தப்ப வாய்ப்பு உண்டு. வாத்துக்காக மனிதன் தனக்குத்தானே இட்டுக்கொண்ட அவ்வெல்லை, துப்பாக்கி மனிதனை நோக்கித் திரும்பும்போது முதலில் நீக்கப்படுகிறது. அச்சட்டம் வேட்டைக்கு மட்டுமே உரியது. ஆகவே வீட்டில் கோலை நீக்குவது குற்றமன்று. ஆயினும் அச்சிறு மரத்துண்டு சிந்திக்கத் தூண்டுகிறது.

வீட்டுக் காவல் என்னும் பெயரில் இத்துப்பாக்கியைப் பற்றி வழங்கும் கதைகள் பல. பிடியை இழுத்துத் தள்ளும் ஓசை ஒன்றே போதும், திருடன் ஓடிவிடுவான் என்பது ஒன்று. ஓடுபவனும் உண்டு, ஓசை எழுந்த இடத்தை அறிந்துகொண்டு தானும் ஆயுதம் எடுப்பவனும் உண்டு. சொல்லின் ஓசைக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியைக் கவிஞர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. குறி பார்க்கவே வேண்டா, ரவை பரந்து சென்று பிடித்துவிடும் என்பது மற்றொன்று. ஓர் அறையின் தொலைவில் ரவைக்கூட்டம் ஒரு கையகலத்திற்கு மேல் பரவுவதில்லை. தப்பிய ரவையோ, ஜிப்சம் பலகையால் ஆன அந்நாட்டு வீட்டுச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குச் செல்லும். அடுத்த அறையில் உறங்குவது பெரும்பாலும் குழந்தை.

2008இல் ஹெல்லர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. நன்மை எவ்வளவு என்பதில் அறிஞர்கள் மாறுபடுகின்றனர். ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு 2.7 மடங்கு என்று கண்டது. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் ஆகிய இருவரும் 1995இல், துப்பாக்கியால் தற்காத்துக்கொள்ளும் நிகழ்வுகள் ஆண்டுக்கு 25 லட்சம் வரை என்று மதிப்பிட்டனர். அரசின் கணக்கெடுப்புகளோ அதனினும் மிகக் குறைவான எண்ணிக்கையே காட்டுகின்றன. காவலர் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும் தனித்த பண்ணையில், தன்னந்தனியே வாழும் முதியவளின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் அறமாகாது. அவ்வச்சம் மெய். அம்மெய்யான அச்சத்தின் கையில் இருப்பது யாது என்பதே வினா.

2013 நவம்பர் 2ஆம் நாள், பொழுது புலராத நேரம். மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் ஹைட்ஸ் ஊர். ரெனிஷா மெக்பிரைட் என்னும் பத்தொன்பது வயதுப் பெண், சில மணி நேரம் முன்னர் கார் விபத்தில் சிக்கியவள், ஒரு வீட்டின் கதவைத் தட்டினாள். அவள் கையில் ஆயுதம் இல்லை. உள்ளே இருந்தவர் அஞ்சினார். 12 கேஜ் ரவைத் துப்பாக்கியை எடுத்தார், உட்கதவைத் திறந்தார், வலைக்கதவின் ஊடே சுட்டார். அதன் பின்னரே 911 என்னும் அவசர எண்ணை அழைத்தார். அப்பெண் அவ்வாயிலிலேயே மாண்டாள். 2014 ஆகஸ்டில் நடுவர் குழு அவரை இரண்டாம் நிலைக் கொலைக்குற்றம் புரிந்தவராகக் கண்டது. குறைந்தது பதினேழு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. துப்பாக்கி தன் வேலையைப் பழுதின்றிச் செய்தது. பழுது வேறிடத்தில் இருந்தது. இலக்கு எது என்று தெளியாமல் சுடலாகாது என்னும் அந்நான்காம் விதி, கதவின் இப்புறத்திலேயே நின்றுவிட்டது.

மற்றொரு செய்தி எழுதுவோர்க்கு அணுக்கமானது. எர்னஸ்ட் ஹெமிங்வே வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். வின்செஸ்டர் 12ஆம் மாதிரி அவர் விரும்பிக் கையாண்டவற்றுள் ஒன்று. 1961இல் அவர் உளநோயால் துன்புற்றபோது, அவர் மனைவி மேரி துப்பாக்கிகளை எல்லாம் ஐடஹோ மாநிலத்துக் கெட்சம் ஊரிலிருந்த தம் வீட்டின் கீழறையில் வைத்துப் பூட்டினார். சாவி மட்டும் சமையலறைச் சன்னல் விளிம்பில் இருந்தது. ஜூலை 2ஆம் நாள் விடியலில் அவ்வெழுத்தாளர் தம் துப்பாக்கிகளுள் ஒன்றால் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தாமே தம் உயிரைப் போக்கிக்கொண்டவர்கள். வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வைத்த கருவி, உள்ளிருக்கும் துயரத்திற்கு எட்டும் தொலைவில் இருக்கிறது என்பதே அவ்வெண்களின் பொருள். துயரம் ஓர் இரவில் தணியக்கூடும். அவ்விரவைக் கடத்திவிட ஒரு நல்ல பூட்டு துணை நிற்கும். ஆதலின், பழைய துப்பாக்கிக்குச் செய்யத்தக்க மாற்றங்களுள் தலையாயது குட்டைக் குழலும் அன்று, விளக்கும் அன்று. வலிய பெட்டியும், எவர் கண்ணிலும் படாத சாவியுமே. வீட்டில் உள்ளம் நொந்தவர் இருப்பின், துப்பாக்கியே அவ்வீட்டை விட்டுச் சிலகாலம் வெளியேறுவது அதனினும் நன்று.

இங்கேதான் இவ்வுரையின் கருத்து அமைகிறது. பழைய துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும், அதனை வீட்டுக் காவலுக்கு வைப்பதும் ஒரே தொழிலின் இரு பகுதிகள் போலப் பேசப்படுகின்றன. உண்மையில் அவை ஒன்றுக்கொன்று எதிரான இரு மனநிலைகள். பட்டறையில் இருப்பவர் பிறர் சொல்லை நம்பாது தாமே பார்க்கிறார். அளந்த பின்னரே தொடுகிறார். மீளமுடியாத செயலை இறுதிவரை தள்ளிப்போடுகிறார். ஐயம் எழுந்தால் கருவியைக் கீழே வைக்கிறார். நள்ளிரவில் கதவருகே நிற்பவருக்கு இவற்றுள் ஒன்றும் வாய்ப்பதில்லை. ஒலியைக் கேட்டே முடிவு செய்கிறார்; அளக்க ஒளி இல்லை; மீளமுடியாத செயலையே முதற்செயலாகச் செய்ய அச்சம் அவரைத் தூண்டுகிறது. மாதக்கணக்கான பொறுமையால் உயிர்பெற்ற பொருள், ஒரு நொடியின் பொறுமையின்மைக்கு ஆளாகிறது.

ஆகவே, பாட்டனின் துப்பாக்கியைப் புதுப்பித்த பேரன் அதனோடு கற்றுக்கொள்ள வேண்டுவது சுடும் வேகத்தை அன்று, பட்டறையின் அப்பொறுமையையே. இரவில் ஓசை கேட்டால் முதலில் விளக்கு, அடுத்து வீட்டாரின் பெயர் சொல்லி அழைத்தல், அடுத்துத் தொலைபேசி, பூட்டிய கதவின் இப்புறத்தே நிற்றல். மீளத்தக்க செயல்கள் யாவும் தீர்ந்த பின்னரே மீளாச் செயல். பழுது பார்ப்பவருக்கு இஃது அன்றாட ஒழுக்கம். காவல் காப்பவருக்கும் இதுவே ஒழுக்கமாகுமானால், ரெனிஷா போன்றவர்கள் கதவைத் தட்டிவிட்டு உயிரோடு வீடு திரும்புவர்.

உருசிய எழுத்தாளர் செகாவ், நாடக மேடையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைத்தால் அது வெடித்தாக வேண்டும், வெடிக்காதெனில் வைத்தலே கூடாது என்னும் கருத்தினர். 1889இல் ஒரு கடிதத்திலும் அதனை எழுதினார். கலைக்கு அது நல்ல விதி. எழுதும் கை எதனையும் வீணே வைக்கலாகாது. ஆனால் மேடையின் விதி வேறு. வீட்டின் விதி வேறு. மேடைத் துப்பாக்கி வெடிக்காமற்போனால் நாடகம் தோற்றது. வீட்டுத் துப்பாக்கி மூன்று தலைமுறை வெடிக்காமல் இருந்து, எண்ணெய் மணக்கும் மரமும் கருநீலக் குழலுமாக நான்காம் தலைமுறையின் கைக்குச் சேருமானால், அதுவே அதன் வெற்றி. எழுதப்படாத அந்த இறுதிக் காட்சியைப் போற்றக் கற்றவர்களே வாழ்வின் நல்ல கவிஞர்கள்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டம், சொல்லைத் தொடுமுன் அளக்கும் பொறுமையோடு பல பத்தாண்டுகள் வாழ்க, வளர்க.